உலக ஒழுங்கின் கடைமடை

2022ஆம் ஆண்டு மே 24 அன்று மேட்டூர் அணை திறக்கப்பட்டது. வழக்கமான ஜூன் 12க்குப் பத்தொன்பது நாள்கள் முன்னதாகவே, விடுதலைக்குப் பிறகு முதன்முறையாக மே மாதத்தில், டெல்டாவுக்குத் தண்ணீர் விடப்பட்டது. குறுவைக்கு இதைவிட நல்ல தொடக்கம் அமைய முடியாது. ஆனால், திருவையாறு பக்கத்தில் எங்கள் குடும்ப நிலத்தைப் பார்த்துவரும் என் தம்பி தொலைபேசியில் சொன்ன செய்தி வேறு: "தண்ணி வந்துருச்சு அண்ணே, உரந்தான் வரலை." அடியுரத்துக்கு டி.ஏ.பி. கேட்டால் பல கடைகளில் இருப்பு இல்லை. இருந்த ஒரு கடையில், தேவைப்படாத வேறோர் இடுபொருளையும் சேர்த்து வாங்கினால்தான் மூட்டை என்றார்கள். ஏறத்தாழ ஆயிரம் ரூபாய்க்கு விற்ற பொட்டாஷ் மூட்டை அந்த ஆண்டு 1,700 ரூபாயைத் தொட்டிருந்தது.

அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பு, பிப்ரவரி 24 அன்று, ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்திருந்தன. இந்தியா தனக்குத் தேவையான பொட்டாஷை ஏறத்தாழ முழுவதுமாக இறக்குமதி செய்யும் நாடு. உலகப் பொட்டாஷ் வணிகத்தில் ரஷ்யா, பெலாரஸ் ஆகிய இரு நாடுகளின் பங்கு மட்டும் ஏறத்தாழ 40 விழுக்காடு. இயற்கை எரிவாயு விலை உயர்ந்தபோது அதிலிருந்து தயாராகும் அம்மோனியா விலை உயர்ந்தது. அதன் வழியே யூரியா, டி.ஏ.பி. விலைகளும் உயர்ந்தன. உழவர் தலையில் முழுச் சுமையும் விழாமலிருக்க, மத்திய அரசு டி.ஏ.பி. மூட்டையின் விலையை 1,350 ரூபாயில் நிறுத்திக்கொண்டு, மூட்டை ஒன்றுக்கு 2,501 ரூபாய் மானியம் அளித்தது. 2022-23 நிதிநிலை அறிக்கையில் உர மானியத்துக்கு ஒதுக்கப்பட்ட தொகை 1.05 லட்சம் கோடி ரூபாய். ஆண்டு முடிவில் செலவானது ஏறத்தாழ 2.51 லட்சம் கோடி. கீவ் நகரின் மீது விழுந்த குண்டுக்கு நம் கருவூலமும் ஒரு பங்கு விலை கொடுத்தது.

இதை ஒரு விலையேற்றக் கதையாக மட்டும் பார்த்தால் பெரிய ஆபத்து கண்ணில் படாது. முப்பதாண்டுகளுக்கும் மேலாக நான் பொருளியல் கற்பித்த பாடநூல்கள் அனைத்திலும் சொல்லப்படாத ஓர் அனுமானம் இருந்தது. விலை கொடுக்க முடிந்தால் பொருள் உலகில் எங்கேனும் கிடைக்கும், கப்பல் வரும், பணம் போய்ச் சேரும், தகராறு எழுந்தால் தீர்த்துவைக்க ஒரு மன்றம் இருக்கும் என்பதே அது. 1945க்குப் பிந்தைய உலக ஒழுங்கு என்று நாம் அழைப்பது பெரும்பாலும் இந்த அனுமானத்தைத்தான். அந்த ஒழுங்கின் காவலர்களுள் ஒருவரே போரில் இறங்கும்போது அந்த அனுமானம் என்ன ஆகிறது?

முதலில் காவலர்களின் மன்றத்தைப் பார்ப்போம். 2022 பிப்ரவரி 25 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவையில் ரஷ்யாவைக் கண்டிக்கும் வரைவுத் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. பதினொரு நாடுகள் ஆதரித்தன. இந்தியா, சீனா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவை வாக்களிக்கவில்லை. ரஷ்யா தன் 'வீட்டோ' அதிகாரத்தால் தீர்மானத்தை வீழ்த்தியது. அந்த மாதம் பாதுகாப்பு அவையின் தலைமைப் பொறுப்பில் இருந்ததும் ரஷ்யாதான். நாற்பதாண்டுகளில் முதன்முறையாக, முடங்கிய பாதுகாப்பு அவையே கோரியதால் பொது அவையின் அவசரச் சிறப்புக் கூட்டம் கூட்டப்பட்டது. மார்ச் 2 அன்று அங்கே 141 நாடுகள் ரஷ்யாவின் செயலைக் கண்டித்தன. ஐந்து நாடுகள் எதிர்த்தன. இந்தியா உள்ளிட்ட 35 நாடுகள் வாக்களிக்கவில்லை. பொது அவையின் தீர்மானத்துக்கு அறவலிமை உண்டு. ஆணையிடும் வலிமை இல்லை. போர் தொடர்ந்தது.

'இதற்கு முன் மட்டும் ஒழுங்கு இருந்ததா?' என்று கேட்போர் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயமும் உண்டு. 2003இல் பாதுகாப்பு அவையின் ஒப்புதல் இன்றியே அமெரிக்கா ஈராக் மீது படையெடுத்தது. காஸாவில் போர்நிறுத்தம் கோரிய தீர்மானங்களை அமெரிக்கா பலமுறை வீட்டோவால் தடுத்தது. ஆயினும், ஒருவர் முன்பு செய்த மீறல் மற்றவரின் மீறலுக்கு உரிமம் ஆகாது. ஈராக்கை நினைவூட்டி உக்ரைனை நியாயப்படுத்துவோரும், உக்ரைனைக் காட்டிக் காஸாவை மறக்கச் செய்வோரும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். மீறலை வழக்கமாக்குகிறார்கள்.

என் கவலை அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றியது. வல்லரசு விதியை மீறுகிறது. அதைக் கண்ட மற்ற நாடுகள் தத்தமக்கு ஒரு விதிவிலக்கை எடுத்துக்கொள்கின்றன. ஒவ்வொரு விதிவிலக்குக்கும் தனித்தனியே ஒரு நல்ல காரணம் இருக்கிறது. சேர்த்துப் பார்த்தால் விதியே மிஞ்சுவதில்லை.

மேற்கு நாடுகள் ரஷ்ய மத்திய வங்கியின் ஏறத்தாழ 30,000 கோடி டாலர் வெளிநாட்டுக் கையிருப்பை முடக்கின. ஆக்கிரமிப்பாளருக்கு எதிரான நடவடிக்கை என்பதில் ஐயமில்லை. ஆனால், டாலரிலும் யூரோவிலும் சேமிப்பை வைத்திருந்த மற்ற நாடுகள் அதிலிருந்து வேறொரு பாடத்தைக் கற்றுக்கொண்டன. 2022 முதல் 2024 வரை உலகின் மத்திய வங்கிகள் ஆண்டுக்கு ஆயிரம் டன்னுக்கும் மேல் தங்கம் வாங்கின. 2022 தொடக்கத்தில் நாற்பதாயிரம் ரூபாய்க்கும் கீழே இருந்த ஒரு பவுன் ஆபரணத் தங்கம் 2025இல் தொண்ணூறாயிரத்தைத் தாண்டியதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் இந்த நம்பிக்கை இழப்பும் ஒன்று. பெண்ணின் திருமணத்துக்கு நகை சேர்க்கும் தஞ்சைக் குடும்பத்துக்கும் பன்னாட்டு நிதி ஒழுங்குக்கும் இடையே இப்படி ஒரு கண்ணி இருக்கிறது.

உணவு வணிகத்தில் இது இன்னும் வெளிப்படையாக நடந்தது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு கணக்கிடும் உணவு விலைக் குறியீடு 2022 மார்ச்சில் அதுவரை காணாத உச்சத்தை எட்டியது. இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள் உணவுப் பொருள் ஏற்றுமதிக்குத் தடையோ கட்டுப்பாடோ விதித்தன. இந்தோனேசியா சில வாரங்களுக்குப் பாமாயில் ஏற்றுமதியையே நிறுத்தியது. நாமும் விலக்கல்ல. உலக வணிக அமைப்பு அனுமதித்தால் உலகுக்கே உணவளிக்க இந்தியா அணியமாக இருப்பதாக 2022 ஏப்ரலில் பிரதமர் அறிவித்தார். வடமாநிலங்களில் வெப்ப அலை கோதுமை விளைச்சலைத் தாக்கியது. மே 13 அன்று கோதுமை ஏற்றுமதிக்குத் தடை வந்தது. செப்டம்பரில் குருணை அரிசி ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது.

அடுத்த ஆண்டு நடந்தவற்றை நாள்வாரியாகப் பார்ப்பது பயனுள்ளது. 2022 ஜூலை 22 அன்று ஐ.நா.வும் துருக்கியும் முன்னின்று இஸ்தான்புல்லில் கருங்கடல் தானிய உடன்பாட்டை உருவாக்கின. போர் நடக்கும் கடல் வழியே ஏறத்தாழ 3.3 கோடி டன் தானியமும் பிற உணவுப் பொருள்களும் வெளியேறின. பாதுகாப்பு அவை முடங்கிய காலத்தில் ஐ.நா. செய்த உருப்படியான பணி அதுவே. ரஷ்யாவின் உணவு, உர ஏற்றுமதிக்கு வழிசெய்வதாக ஐ.நா. அதே நாளில் கையெழுத்திட்ட இணை உடன்பாடு முறையாக நிறைவேறவில்லை என்று குற்றம்சாட்டி, 2023 ஜூலை 17 அன்று ரஷ்யா விலகிக்கொண்டது. மூன்றாம் நாள், ஜூலை 20 அன்று, பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை இந்தியா தடைசெய்தது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. உள்நாட்டு விலையேற்றமும் எல் நினோ அச்சமுமே நம் முடிவுக்குக் காரணங்கள். ஆனால், உலக அரிசி வணிகத்தில் ஏறத்தாழ 40 விழுக்காட்டைக் கையில் வைத்திருக்கும் நாடு கதவைச் சாத்தினால் ஆப்பிரிக்கச் சந்தையில் நிற்பவருக்குக் காரணங்கள் முக்கியமல்ல. அடுத்த மாதமே உலக அரிசி விலை பதினைந்து ஆண்டுகளில் இல்லாத உயரத்தைத் தொட்டது.

தடைக்குப் பின் வந்த விதிவிலக்குகள்தாம் கூர்ந்து கவனிக்க வேண்டியவை. சிங்கப்பூருக்கு 50,000 டன், அமீரகத்துக்கு 75,000 டன் என்று நாடு நாடாக அனுமதி அளிக்கப்பட்டது. குருணையையே அன்றாட உணவாகக் கொண்ட செனகல், காம்பியா போன்ற நாடுகளும் வேண்டுகோள் விடுத்துப் பெற வேண்டியிருந்தது. நட்பின் பெயரால் அரிசி கிடைப்பது நல்லதே. ஆனால், விதியின் பெயரால் கிடைத்துவந்த பொருள் நட்பின் பெயரால் கிடைக்கத் தொடங்கும்போது, வாங்குபவர் வாடிக்கையாளர் என்ற நிலையிலிருந்து மனுதாரர் என்ற நிலைக்கு இறங்குகிறார். பொட்டாஷ் வாங்கும் இடத்தில் நாம் அதே நிலையில்தான் நிற்கிறோம்.

டெல்டாவில் வாழ்ந்தவர்களுக்கு இது புரியாத செய்தியன்று. தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று முறைவைத்துத் தண்ணீர் விடுவார்கள். அந்த முறை நிற்பது தலைமடைக்காரரின் பொறுமையில்தான். இரவில் ஒருவர் தன் மதகை உயர்த்திக்கொண்டால் அது குற்றம், தட்டிக் கேட்கலாம். மறுநாள் 'அவர் எடுக்கவில்லையா, என் பயிரும்தானே காய்கிறது' என்று பத்துப் பேர் தத்தம் மதகை உயர்த்தினால் தட்டிக் கேட்க ஆளில்லை. பத்துப் பேர் சொல்வதும் உண்மைதான், பயிர் காய்கிறதுதான். ஆனால் தலைஞாயிற்றுக்கும் வேதாரண்யத்துக்கும் தண்ணீர் போய்ச் சேராது. உலக ஒழுங்கிலும் முதல் குற்றத்தின் பொறுப்பு படையெடுத்தவருக்கே. கடைமடையைக் காயவைப்பதில் அடுத்தடுத்து மதகை உயர்த்தியவர்களின் பங்கும் உண்டு.

இதன் கொடிய வடிவத்தை இந்தியா ஒருமுறை பார்த்திருக்கிறது. 1942 மார்ச் 8 அன்று ஜப்பானியப் படையிடம் ரங்கூன் வீழ்ந்தது. பர்மா அரிசி நின்றது. அந்த அரிசியை நம்பியிருந்த மலபாரும் திருவிதாங்கூரும் கொச்சியும் இலங்கையும் தவித்தன. உபரி மாவட்டமான தஞ்சாவூரின் நெல் அரசுக் கொள்முதலுக்கும் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்கும் உள்ளாயிற்று. நான் சிறுவனாக இருந்தபோது, சோற்றைச் சிந்தினால் என் பாட்டி 'ரேசன் காலத்தை நீ பார்க்கலை' என்பார். அதன் பொருள் எனக்குப் பின்னாளில், 1945இல் வெளியான பஞ்ச விசாரணைக் குழு அறிக்கையைப் படித்தபோதுதான் விளங்கியது. போர் அச்சத்தில் மாகாணங்கள் தத்தம் எல்லையை மூடிக்கொண்டதையும், கிழக்கிந்தியாவில் ஒவ்வொரு மாகாணமும் மாவட்டமும் தனித்தனி உணவுக் குடியரசாக ஆகிவிட்டதாக அன்றைய அதிகாரி ஒருவரே வருந்தியதையும் அந்த அறிக்கை பதிவுசெய்திருக்கிறது. தன் மக்களுக்கே முதல் உரிமை என்று ஒவ்வொரு மாகாணமும் நினைத்ததில் தவறு காண்பது கடினம். அப்படி நினைத்தவர்களுக்கு நடுவில் வங்கத்தில் இறந்தவர்கள் 15 லட்சம் பேர் என்று அக்குழு மதிப்பிட்டது. பிந்தைய ஆய்வுகள் 30 லட்சம் வரை சொல்கின்றன.

அந்த அனுபவத்தின் நிழலில்தான் இன்றைய நிறுவனங்கள் பிறந்தன. வங்கம் பசியில் வாடிய 1943 மே, ஜூன் மாதங்களில் அமெரிக்காவின் ஹாட் ஸ்பிரிங்ஸ் நகரில் 44 நாடுகள் கூடி உணவு பற்றிப் பேசின. அதன் விளைவாக 1945 அக்டோபரில் உணவு வேளாண்மை அமைப்பு தோன்றியது. 1944இல் பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டில் இந்தியக் குழுவில் கோவையைச் சேர்ந்த ஆர்.கே.சண்முகம் செட்டியார் இருந்தார். 1945இல் சான் பிரான்சிஸ்கோவில் இந்தியக் குழுவுக்குத் தலைமை வகித்த ஆற்காடு இராமசாமி முதலியார், ஐ.நா. பொருளாதார சமூக அவையின் முதல் தலைவரானார். அடிமை நாட்டின் பேராளர்களாகச் சென்றாலும், இந்த ஒழுங்கின் அடித்தளத்தில் நம்மவர் கைபட்ட கற்களும் உள்ளன. இதனை மேற்கின் சொத்து என்று கைகழுவுவது வரலாற்றுப் பிழை.

இன்று அந்தக் கட்டடத்தின் நிலை என்ன? உலக வணிக அமைப்பின் மேல்முறையீட்டு மன்றம் 2019 டிசம்பரிலிருந்து இயங்கவில்லை. அதன் உறுப்பினர் நியமனங்களைத் தடுத்தது அமெரிக்கா. அதே 2019இல், உக்ரைன் சரக்குகள் ரஷ்யா வழியே செல்வதைத் தடுத்த வழக்கில் ஒரு தீர்ப்பு வந்தது. 'தேசப் பாதுகாப்பு' என்று ஒரு நாடு சொல்லிவிட்டால் மட்டும் போதாது, அதை ஆராயும் உரிமை எங்களுக்கு உண்டு என்றது நடுவர் குழு. ஆனால் 2014 முதல் நிலவிய சூழல் அந்த விதிவிலக்குக்குள் அடங்கும் என்று ரஷ்யாவின் நடவடிக்கையை ஏற்றது. உணவுத் தட்டுப்பாட்டைத் தவிர்க்கத் தற்காலிக ஏற்றுமதித் தடை விதிக்கவும் அதே காட் ஒப்பந்தம் இடமளிக்கிறது. ஆக, பல மதகுகள் சட்டம் தந்த சாவியைக் கொண்டே திறக்கப்பட்டவை.

இந்தச் சட்டங்கள் தஞ்சையின் நேரடி நெல் கொள்முதல் நிலையம் வரை நீள்கின்றன. 2023-24இல் சன்ன ரக நெல்லுக்கு மாநில ஊக்கத்தொகையுடன் குவிண்டாலுக்கு 2,310 ரூபாய் கொடுக்கப்பட்டது. இத்தகைய அரசுக் கொள்முதல், 1986-88ஆம் ஆண்டுகளின் விலையோடு ஒப்பிடப்பட்டு, உற்பத்தி மதிப்பில் 10 விழுக்காட்டுக்கு மேல் போனால் விதிமீறல் என்கிறது உலக வணிக அமைப்பின் வேளாண் ஒப்பந்தம். நம்மைக் காப்பது 2013இல் பாலி மாநாட்டில் பெற்ற தற்காலிகப் பாதுகாப்பு. அரிசிக்காக அதைப் பயன்படுத்திய முதல் நாடு இந்தியா. நிரந்தரத் தீர்வு 2022இல் ஜெனீவாவிலும் கிட்டவில்லை, 2024இல் அபுதாபியிலும் கிட்டவில்லை. மன்றமே சரிந்தால் இந்தப் பாதுகாப்பை எங்கே சென்று கேட்பது?

'நமக்கென்ன, நாம் நடுநிலை. மலிவாக ரஷ்ய எண்ணெய் கிடைத்தது' என்ற மனநிறைவும் நம்மிடையே உண்டு. போருக்கு முன் நம் கச்சா எண்ணெய் இறக்குமதியில் 2 விழுக்காட்டையும் எட்டாத ரஷ்யாவின் பங்கு, மூன்றில் ஒரு பங்கைக் கடந்தது உண்மை. அதற்கான பற்றுச்சீட்டு 2025 ஆகஸ்டில் வந்தது. ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணங்காட்டி அமெரிக்கா 25 விழுக்காடு கூடுதல் வரி விதிக்க, மொத்த வரி 50 விழுக்காடானது. திருப்பூர் பின்னலாடைத் தொழில் திணறியது. அதே ஆண்டு பிப்ரவரி 24 அன்று, போரின் மூன்றாம் ஆண்டு நிறைவில், ஐ.நா. பொது அவையில் உக்ரைனுக்கு ஆதரவான தீர்மானத்தை எதிர்த்து ரஷ்யாவுடன் சேர்ந்து வாக்களித்ததும் இதே அமெரிக்காதான். வல்லரசுகள் தங்களுக்குள் அணி மாறிக்கொள்ளும். தண்டம் மட்டும் இடையில் நிற்பவரைத் தேடி வரும். விதி வலுவிழந்த உலகில் நடுநிலைக்கும் பாதுகாப்பில்லை.

அப்படியானால் இந்தியா என்ன செய்யலாம்? முதலில், நம் மதகை நாமே ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டும். ஏற்றுமதிக் கட்டுப்பாடு தவிர்க்க முடியாத ஆண்டுகளில் முன்னறிவிப்பு, ஏற்கெனவே கையெழுத்தான ஒப்பந்தங்களுக்கு விலக்கு, அண்டை நாடுகளுக்கும் மிக ஏழை நாடுகளுக்கும் முன்கூட்டியே வரையறுத்த ஒதுக்கீடு என்று ஒரு நிலையான விதியை அறிவிக்கலாம். உலக உணவுத் திட்டத்தின் மனிதாபிமானக் கொள்முதலுக்குத் தடை விதிப்பதில்லை என்று 2022இல் ஜெனீவாவில் நாடுகள் ஏற்றுக்கொண்டதன் இயல்பான அடுத்த படி இதுவே. தானே விதிக்குக் கட்டுப்படும் நாட்டின் குரலுக்குத்தான் பொதுக் கொள்முதல் பற்றிய பேச்சில் மதிப்பிருக்கும்.

அடுத்து, உரத்தையும் உணவாகக் கருதிப் போர்க்காலத் தடைகளிலிருந்து பாதுகாக்கும் பன்னாட்டு உடன்பாட்டை முன்னெடுக்க இந்தியாவைவிடப் பொருத்தமான நாடு இல்லை. கருங்கடல் உடன்பாடு ஓராண்டேனும் நடந்தது, இது இயலாத கனவன்று என்பதற்குச் சான்று. மூன்றாவதாக, பாதுகாப்பு அவையில் நிரந்தர இடம் கேட்பதோடு நம் கோரிக்கை நின்றுவிடக் கூடாது. தகராறில் தானே ஒரு தரப்பாக இருக்கும் உறுப்பினர், அமைதிவழித் தீர்வு குறித்த முடிவுகளில் வாக்களிக்கக் கூடாது என்று ஐ.நா. சாசனத்தின் 27ஆம் பிரிவு சொல்கிறது. அந்தக் கொள்கையைப் படையெடுப்புகளுக்கும் விரிவுபடுத்தக் கோரலாம். வல்லரசுகள் உடனே இணங்கமாட்டா. ஆனால், 2022 ஏப்ரல் முதல், வீட்டோவைப் பயன்படுத்தும் நாடு குறித்துப் பத்து வேலை நாள்களுக்குள் பொது அவை கூடி விவாதிக்க வேண்டும் என்ற நடைமுறை வந்திருக்கிறது. சிறிய நாடான லிச்சென்ஸ்டைன் முன்னின்று கொண்டுவந்த மாற்றம் அது.

பல்லில்லாத நிறுவனங்களால் என்ன பயன் என்ற கேள்வி இறுதியில் எழும். 2018இல் உச்ச நீதிமன்றம் காவிரியில் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்பளித்தது, காவிரி மேலாண்மை ஆணையமும் அமைந்தது. இருந்தும் 2023இல் உரிய தண்ணீர் வரவில்லை; அக்டோபரில் மேட்டூர் அணை மூடப்பட்டது; கடைமடையில் குறுவை கருகியது. ஒரு நாட்டுக்குள், உச்ச நீதிமன்றத்தின் நிழலிலேயே இதுதான் நிலை. எனினும், தீர்ப்பும் ஆணையமும் இல்லாத பழைய நாள்களுக்குத் திரும்புவோம் என்று டெல்டா உழவர் எவரும் கேட்டு நான் அறிந்ததில்லை. அந்த எண்ணை வைத்துக்கொண்டுதான் அவர் இன்றும் வாதாடுகிறார். உலகின் சிறிய நாடுகளுக்கு ஐ.நா. சாசனமும் வணிக விதிகளும் அத்தகைய எண்கள்தாம்.

இந்த ஆண்டும் என் தம்பி நாற்றங்காலுக்கு முன்பே பொட்டாஷுக்குச் சொல்லி வைத்துவிட்டார். மூட்டை எந்த நாட்டிலிருந்து வருகிறது என்று அவர் கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவையே அவருக்கு வராமலிருப்பதைத்தான் ஒழுங்கு என்கிறோம்.